அடுப்புக்குள் போன வீட்டு வயர்

செம்பூர் மார்க்கெட் பக்கம் ஒரு எலக்ட்ரிக் சாமான் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, வயரில் சிவப்பு, கறுப்பு, பச்சை உண்டு என்பது தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. கடை முதலாளியான சேட்டுக்குத் தேவைப்பட்டது, தமிழ், ஹிந்தி, மராத்தி மூன்றிலும் சத்தமாகப் பேசக்கூடிய ஒரு ஆள். கோவண்டியில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தத் தகுதி நிறையவே இருந்தது. கொஞ்ச நாளில் ஒன்றரை ஸ்கொயர் மில்லிமீட்டர் வயர் லைட்டுக்கு, இரண்டரை ப்ளக்குக்கு, நாலு ஏசிக்கு என்று வாய்ப்பாடு மாதிரி பாடமாகிவிட்டது. கேட்டதை எடுத்துக் கொடுப்பேன். அது எங்கே போய்ச் சேருகிறது என்று நான் யோசித்ததே இல்லை.

ஒருநாள் மத்தியானம், கடையில் கூட்டமாக இருந்த நேரம், ஒரு ஆள் நேரே கவுண்டருக்கு வந்து கண்ணாடி மேல் ஒரு வயர்த் துண்டைப் போட்டார். டக்கென்று குச்சி விழுந்த மாதிரி சத்தம் கேட்டது.

"மேடம், யே மால் டூப்ளிகேட் ஹை!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பாட்டியம்மா வாங்கிய பல்பையே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அந்தத் துண்டை எடுத்து லேசாக வளைத்தேன். மேலே இருந்த சிவப்புப் பிளாஸ்டிக் சடசடவென்று உடைந்து, பொரிகடலைத் தோல் மாதிரி கண்ணாடியெங்கும் சிதறியது. உள்ளே கறுத்துப்போன செம்புக் கம்பி தெரிந்தது.

"ஐயய்யோ!" என்றேன்.

அவர் ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தினார். "தமிழா நீங்க?"

"தமிழ்னா என்ன, டூப்ளிகேட்னு சொன்னது இல்லைன்னு ஆயிடுமா? முதல்ல அத வாபஸ் வாங்குங்க. எங்க சேட் ஒருநாளும் டூப்ளிகேட் வைக்க மாட்டார்."

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் வழக்கை விடவில்லை. உடையாமல் இருந்த இன்னொரு துண்டைப் பையிலிருந்து எடுத்து, அதன் மேல் அச்சடித்திருந்த எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "இங்க பாருங்க. லெவன் ஹண்ட்ரட் வோல்ட்னு போட்டிருக்கு. லைன்ல வாரது டூ தர்ட்டி. அப்போ நாலு மடங்குக்கு மேல தாங்கணும்லா? பக்கத்துலயே எஃப்.ஆர்.னு வேற இருக்கு. ஃபயருக்கு நிக்கும்னுதான அர்த்தம்? நான் போட்டது பிஸ்கட் அடுப்புல. ஃபயருக்கு நிக்கிற வயரு மூணு மாசத்துல முறுக்கு மாதிரி நொறுங்குது. இது ரெண்டாவது தடவை."

அவர் சொன்னதில் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சேட் போனில் யாரோடோ பேசிக்கொண்டே, வேறொரு வயர்ச் சுருளைக் கொடுத்து அனுப்பிவிடு என்று கையைக் காட்டினார். எனக்கு மனசு வரவில்லை. அதே வயர் அதே இடத்துக்குப் போனால் அதே கதைதானே? "விசாரிச்சுச் சொல்றேன், நம்பர் குடுத்துட்டுப் போங்க" என்றேன். என்னை நம்பலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் சேட்டிடம் கேட்டேன்.

சேட் போனை வைத்துவிட்டு ஐந்தே சொல்லில் பாடத்தை முடித்தார். "வோல்டேஜ் அலக். கர்மி அலக். சம்ஜீ?"

வோல்டேஜ் வேறு, சூடு வேறு என்கிறார், அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் டீ வந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு துண்டு வயரைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். வயரின் தோலுக்கு வேலை ஒன்றல்ல. கரண்ட் வெளியே தாவாமல் தடுப்பது ஒரு வேலை. ஆயிரத்து நூறு வோல்ட் என்பது அந்தத் தடுப்பு எதுவரை நிற்கும் என்பதற்கான கணக்கு. சூட்டைத் தாங்குவது வேறு வேலை. வீட்டு வயரின் பி.வி.சி. தோலுக்கு எழுபது டிகிரிதான் எல்லை. அதைத் தாண்டினால் உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் தினம் தினம் தாண்டினால் அதிலிருக்கும் மிருதுவெல்லாம் வற்றி, இறுகி, ஒருநாள் வெடித்துவிடும். எஃப்.ஆர். என்பதும் அடுப்புக்கான பட்டமல்ல. எங்கேயாவது நெருப்புப் பிடித்தால் அந்த வயர் வழியாக நெருப்பு ஓடாது, அவ்வளவுதான்.

"அப்போ எழுபதுன்னு ஏன் வயர்ல போடல?" என்று கேட்டேன்.

சேட் டீயை உறிஞ்சிக்கொண்டே, அதைக் கம்பெனிக்காரனைத்தான் கேட்க வேண்டும் என்றார். இரவு ரயிலில் கோவண்டிக்குப் போகும்வரை எனக்கு அதே நினைப்பாக இருந்தது. தெரியாத விஷயம் ஒன்று தெரிந்துவிட்டால் யாரிடமாவது சொல்லியாக வேண்டும் எனக்கு. மறுநாள் காலை அந்த நம்பருக்கு போன் செய்தேன்.

"உங்க அடுப்பு எவ்வளவு சூடு?"

"ஒன் எய்ட்டி. ரஸ்க் போட்டா இன்னும் கொஞ்சம் கூட."

"நீங்க வாங்கின வயர் எழுபது டிகிரிக்குத்தான்."

"வயரு அடுப்புக்குள்ள இல்லையே. சைடுல ஒரு பெட்டி இருக்கு. அதுக்குள்ளலா இருக்கு" என்றார்.

"அந்தப் பெட்டி எவ்வளவு சூடு?"

அது அவருக்குத் தெரியாது. நான் கேட்க நினைக்காத ஒரு கேள்வி என் வாயிலிருந்து தானாக வந்தது. "வந்து பாக்கட்டா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாராவிக்குப் போனேன். நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், எங்கள் பாஷையில் கல்லியில், ஆள் போகும் அகலத்துக்குள் ஆளும் சைக்கிளும் ஆட்டுக்குட்டியும் போய்க்கொண்டிருந்தன. வீட்டு நம்பர் தேவைப்படவில்லை. ஜீரா பிஸ்கட் வாசனையைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

அடுப்பு அவருடைய அக்காவுடையது. அக்காதான் முதலாளி, மாஸ்டர் எல்லாம். வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போய்விட, சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு மின்சார அடுப்பை வைத்துத் தொழிலைத் தொடங்கியவர். கடைக்கு வந்த தம்பி அம்பர்நாத்தில் ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். அந்த ஃபாக்டரி மூடியதும் அக்காவோடு சேர்ந்துகொண்டார். மெஷின், வயரிங் எல்லாம் அவர் பொறுப்பு.

"வயர் கடைலேருந்து பொம்பளப் புள்ளய அனுப்பியிருக்காவளா?" என்று அக்கா மாவுக் கையோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முதல்ல சாப்பிடு. பொறவு பாரு. அடுப்பு எங்க ஓடியா போவுது?"

சூடு ஆறாத பிஸ்கட் நாலைத் தின்ற பிறகு வேலையைப் பார்த்தோம். அவர் மெயினை அணைத்துவிட்டுப் பக்கப் பெட்டியைத் திறந்தார். ஹீட்டர் கம்பிகளின் முனைகள் அடுப்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பெட்டிக்குள்தான் வந்து நின்றன. எங்கள் கடைச் சிவப்பு வயர் அந்த முனைகளோடுதான் முடுக்கப்பட்டிருந்தது. வளைவு வந்த இடத்திலெல்லாம் தோல் வெடித்திருந்தது. ஒரு இடத்தில் செம்பு பெட்டியின் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"தினம் மூணாவது டிரே வைக்கும்போது பிரேக்கர் விழும். இதான் காரணம்" என்றார் அவர். கரண்ட் தகரத்துக்குக் கசிந்த உடனே பிரேக்கர் தன் வேலையைச் செய்து லைனை அறுத்திருக்கிறது. அது மட்டும் இல்லாவிட்டால் டிரே எடுக்கப்போன அக்காவின் கைக்கு அந்தக் கரண்ட் வந்திருக்கும். அக்கா மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "அப்போ அந்தப் பிரேக்கருக்கு ஒரு பொட்டு வச்சு விடுதேன்" என்றார்.

மாவு, பாகு பார்க்க அக்கா வைத்திருந்த கம்பித் தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள் தொங்கவிட்டு, வெடித்த இடத்தில் தற்காலிகமாகப் பீங்கான் மணிகளைக் கோத்து, அடுப்பைப் போட்டோம். முள் எழுபதை வெகு சீக்கிரமே தாண்டி, நூறையும் தாண்டிப் போய் நின்றது.

"அடுப்புக்கு வெளியதான இருக்குன்னு நினைச்சேன்" என்றார் அவர். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கோபம் போய், சின்னப் பிள்ளைக்குப் புதிர் விடுபட்டதும் வருமே, அந்தச் சந்தோஷம் வந்திருந்தது. அந்த முகம் எனக்குப் பிடித்தது. அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சேட் என்னை லோஹார் சாலுக்கு அனுப்பினார். கடைக்குச் சரக்கு வாங்க அடிக்கடி போகிற இடம்தான். அங்கே ஒரு மொத்தக் கடையில், அடுப்புக்கும் ஹீட்டருக்கும் போடுகிற வயர் வேண்டும் என்றேன். வெள்ளையாக, ரப்பர் மாதிரி வளைகிற சிலிக்கான் வயரை எடுத்துக் காட்டினார்கள். மேலே கண்ணாடி நூலால் பின்னிய உறை. நூற்றி எண்பது டிகிரி வரை தாங்குமாம். வீட்டு வயருக்கும் இதற்கும் நடுவில் எச்.ஆர். என்று ஒன்று, எண்பத்தைந்துக்கானது, அது எங்கள் கடையிலேயே இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி தாராவி. "வாய் வார்த்தையா நம்ப மாட்டீங்க. ரெண்டு தடவை ஏமாந்த ஆளு" என்று சொல்லி, துண்டுகளை ஒரு பிஸ்கட் டிரேயில் வரிசையாக அடுக்கினேன். சாதா வயர், எச்.ஆர்., சிலிக்கான். அக்கா ஒரு பழைய இஸ்திரிப் பெட்டியின் நூல் சுற்றிய வயரை, அந்தக் கார்டை, வெட்டிக் கொண்டுவந்து, "இதுவும் கிடக்கட்டும், யாரு ஜெயிக்கான்னு பாப்போம்" என்று நாலாவதாக வைத்தார். அடுப்பை நூற்றி ஐம்பதில் வைத்து, மூவரும் கண்ணாடிக் கதவு வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

சாதா வயர்தான் முதலில் பளபளவென்று வேர்த்தது. பிறகு தோல் இளகி டிரேயோடு ஒட்டிக்கொண்டது. எச்.ஆர். கொஞ்ச நேரம் மரியாதையாக இருந்துவிட்டு அதே வழியில் போனது. இஸ்திரிக் கார்டின் நூல் பழுப்பேறியது, உள்ளே ரப்பர் என்னவானதென்று தெரியவில்லை. சிலிக்கான் மட்டும் வைத்த மாதிரியே கிடந்தது.

அதற்குள் நாற்றம் ஆரம்பித்துவிட்டது. கண் எரிந்தது. தொண்டை கரகரத்தது. அவர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். மூவரும் இருமிக்கொண்டே கல்லிக்கு ஓடிவந்தோம். அந்தக் காரியத்தை வேறு யாரும் செய்ய வேண்டாம். பிளாஸ்டிக் புகையைச் சுவாசிப்பது விளையாட்டல்ல என்று பிற்பாடு சேட் என்னை நன்றாகத் திட்டினார்.

பக்கத்துப் பட்டறையில் பெல்ட் தைக்கிற பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், வயது அறுபதை ஒட்டி இருக்கும். "என்ன தம்பி, செருப்புல பிஸ்கட் போட ஆரம்பிச்சிட்டியளா? தோல் வேலை எங்க வேலைல்லா?" என்றார்.

"இல்ல பாய், வயரு சுடுதோம்" என்றார் அக்கா.

பாய் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாத்தான இருந்தீய?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுப்பைக் கதவு திறந்தபடி வெறுமனே ஓடவிட்டு, அக்கா சாம்பிராணி போட்டு, எல்லாம் செய்தும் மறுநாள் போட்ட பிஸ்கட்டில் லேசாக அந்த வாசனை இருந்தது. அதை யாருக்கும் விற்கவில்லை. அந்த டிரே ஸ்பேனரும் ஸ்க்ரூவும் போட்டுவைக்கிற தட்டாகிவிட்டது. அக்கா வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கல்லியில் எல்லோரிடமும் வயர் சுட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் புகை கொஞ்சம் கூடிக்கொண்டே போனது.

அந்த வாரமே அவர் பெட்டிக்குள் இருந்த வயர் முழுவதையும் சிலிக்கானாக மாற்றிவிட்டார். பெட்டிக்கு வெளியே, கை வைத்தால் சூடு தெரியாத இடத்தில் ஒரு பீங்கான் கனெக்டர் வைத்து, அதுவரை வீட்டு வயர், அங்கிருந்து அடுப்புக்குச் சிலிக்கான் என்று பிரித்தார். ரஸ்க் போட்டார்கள். மூன்றாவது டிரே வந்தது, நாலாவது வந்தது. பிரேக்கர் விழவில்லை. எனக்கு போன் செய்து, "மேடம், ஆறாவது டிரே!" என்று கத்தினார். பின்னால் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. கடையில் ஆள் இருந்ததால் நான், "அச்சா, டீக் ஹை" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

வெற்றி வந்ததும் அவருக்கு ஆசை பெருகிவிட்டது. அடுத்த நாள் கடைக்கு வந்து, "மீட்டர்லேருந்து அடுப்பு வரைக்கும் மொத்தமும் இந்த வெள்ளை வயரே இழுத்துடுதேன். பக்காவா ஆயிரும்" என்றார்.

"வேண்டாம்" என்றேன்.

"நூத்தி எண்பது தாங்குமே?"

"சூடு தாங்கும், இழுப்பு தாங்காதே!" அந்த வயரின் தோல் மிருது. நகத்தால் கீறினாலே கிழியும். பெட்டிக்குள் அசையாமல் கிடப்பதற்குத்தான் அது. பைப்புக்குள் வளைவு வளைவாக இழுத்தால், பைப்பின் வாய் விளிம்பில் உரசியே பாதித் தோல் போய்விடும். பைப்புக்கு வீட்டு வயர்தான் சரி. அதன் தோல் முரடு. அதோடு, மீட்டரிலிருந்து வரும் வழியில் அடுப்புச் சூடு எங்கே இருக்கிறது?

நான் இப்படிச் சொன்னதும் அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "அடுப்புச் சூடு இல்ல. ஆனா பைப்பு சுடத்தான் செய்யுது. தகரத்தை ஒட்டில்லா போவுது" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். வீட்டில் அம்மா, "ஏட்டி, வாராவாரம் தாராவில என்ன வேலை?" என்று கேட்டார். "வயர் வேலை" என்றேன். பொய் இல்லை.

மீட்டரிலிருந்து வந்த பைப் தகரக் கூரையின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு போனது. ஏணியில் ஏறி மத்தியான நேரத்தில் அதைத் தொட்டுப் பார்த்தேன். கையை வெடுக்கென்று எடுத்துவிட்டேன். பைப்பின் வாயில் எட்டிப் பார்த்தால், அடுப்பு வயரோடு வேறு நாலைந்து வயர்களும் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. எப்போதோ, யாரோ, தனிப் பைப் போடும் சிரமத்துக்காகப் பாயின் பட்டறை வயர்களையும் அதிலேயே செருகிவிட்டிருந்தார்கள்.

கரண்ட் ஓடும்போது எந்த வயரும் கொஞ்சம் சுடும். திறந்த வெளியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். பைப்புக்குள் அதற்குப் போக வழியில்லை. பக்கத்து வயரின் சூடும் சேர்ந்துகொள்ளும். மேலே மே மாதத் தகரம். எழுபது டிகிரி தாங்கும் என்ற கணக்கில் பெரும்பங்கை வெயிலும் கூட்டமுமே தின்றுவிட்டால், அடுப்புக் கரண்டுக்கு மிச்சம் என்ன இருக்கும்? இந்தக் கணக்கை நான் சேட்டிடம் தினம் ஒரு கேள்வியாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்தேன். சேட் என்னைக் கண்டாலே, "ஆஜ் க்யா?", இன்றைக்கு என்ன, என்று கேட்கிற நிலைக்கு வந்திருந்தார்.

"பழைய வயரை உருவிட்டு, தனிப் பைப்புல தடிமனான வயர் போடுவோம்" என்றார் அவர். அடுப்புக்கும் பட்டறைக்கும் மெயினை அணைத்தோம். அவர் ஏணி மேல் நின்று இழுத்தார். வயர் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். பக்கத்துப் பட்டறையில் டமார் என்று ஒரு சத்தம்.

"லேய், யாருல அது? என் போர்டை இழுக்கது!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். பாயின் சுவிட்ச் போர்டு சுவரிலிருந்து பெயர்ந்து, வயரில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. பைப்புக்குள் இருந்த சூட்டில் எல்லா வயரும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கயிறாகிவிட்டிருக்கிறது. இங்கே இழுத்தால் அங்கே வருகிறது.

பாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "போன வாரம் வயரைச் சுட்டீய. இன்னைக்கு என் சுவத்தை இழுக்கீய. நாளைக்கு என்ன திட்டம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் பட்டறைக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பாய் கோபமாகத்தான் இருக்கப் பார்த்தார். ஆனால் ஒட்டிப்போயிருந்த வயர்க் கற்றையைக் கையில் கொடுத்ததும் அவர் முகம் மாறியது. அவருடைய வயரும் அதில் கறுத்துப் போயிருந்தது. தோல், பசை, தின்னர் என்று பற்றிக்கொள்கிற சாமானாக நிறைந்திருந்த பட்டறை அது.

"இதுவா என் தலைக்கு மேல ஓடிக்கிட்டு இருந்துச்சு?" என்றார் மெதுவாக.

"ஆமா பாய்" என்றேன். "உங்களுக்கும் தனிப் பைப் போட்டுருவோம். ஆனா பைப்பு உங்க வெளிச்சுவரு வழியாத்தான் போகணும். தகரத்தைத் தொடாம, கொஞ்சம் கீழ."

பாய் சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "சுவரு என்னம்மா சுவரு. போடுங்க. ஒண்ணு மட்டும். போர்டை இழுத்தவன்தான் திரும்ப மாட்டணும்."

அன்று முழுக்க வேலை நடந்தது. இரண்டு பைப், இரண்டும் அகலமானவை, உள்ளே காற்றுக்கு இடம் விட்டு. அடுப்புக்கு முன்பிருந்ததைவிட ஒரு அளவு தடிமனான வீட்டு வயர். நான் கீழிருந்து வயரைச் சிக்கில்லாமல் விட்டேன், அவர் மேலிருந்து வயர் கோக்கிற ஸ்பிரிங்கைக் கட்டி இழுத்தார், பாய் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் உத்தரவு போட்டார். அக்கா எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார். சாயங்காலம் எல்லா மெயினையும் போட்டு, அடுப்பும் தையல் மெஷின்களும் சேர்ந்து ஓட, நான் ஏணியில் ஏறிப் பைப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். எடுக்கத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் எனக்குத் தாராவிக்குப் போகக் காரணம் இல்லாமல் போயிற்று. ஆனால் அவருக்குச் செம்பூருக்கு வரக் காரணம் நிறைய இருந்தது. ஒருநாள் ஒரு பீங்கான் கனெக்டர் வாங்கினார். இரண்டு நாள் கழித்து இன்னொரு கனெக்டர். பிறகு ஒரு இன்சுலேஷன் டேப். தாராவியில் எலக்ட்ரிக் கடைக்கா பஞ்சம்? சேட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இந்த ஆள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கமாட்டானா என்று ஹிந்தியில் கேட்டார். "அவருக்கு ஞாபக மறதி" என்றேன். "அச்சா?" என்று சேட் இழுத்த இழுப்பில் நான் பல்ப் அடுக்கப் போய்விட்டேன்.

கடைசியில் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அக்காதான் வந்தார். பட்டுப்புடவை கட்டி, கையில் ஒரு பிஸ்கட் டப்பாவோடு கடை வாசலில் நின்று, ஒரு ஜீரோ வாட் பல்ப் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டே, "ஏட்டி, எங்க வீட்டுக்கு வாரியா?" என்றார்.

"ஏன்க்கா, மறுபடி பிரேக்கர் விழுதா?"

"ஒண்ணும் விழல. நிரந்தரமா வாரியான்னு கேக்கேன்."

என் தலை தானாக ஆடியதாம். அக்கா இன்றைக்கும் அதை நடித்துக் காட்டுவார்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"பிஸ்கட்."

"பிஸ்கட்டெல்லாம் ஒரு வேலையாட்டி?"

அடுத்த ஞாயிறு அவர்கள் எங்கள் கோவண்டி வீட்டுக்கு வந்தார்கள். அவர், அக்கா, முன்னால் பெரிய மனுஷராகப் பாய். பேச்சு எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, பாய் அம்மாவிடம், "உங்க மக என் சுவத்தையே இடிச்சவ. ஆனாலும் நல்ல புள்ள" என்றார். அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கதை முழுக்க நடந்தது, புகையோடும் சத்தத்தோடும். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டைக் கடித்ததும், "வேலை பரவாயில்லை" என்றார்.

கல்யாணத்துக்கு சேட் வந்தார். பரிசாக ஒரு மிக்ஸியும், பேசியே என்னைக் கொன்றுவிட்டாள் என்ற புகாரும் கொண்டுவந்தார். நான் வேலையை விடவில்லை. இப்போதும் தினம் காலையில் தாராவியிலிருந்து செம்பூருக்குப் போகிறேன். முன்பு மாதிரி கேட்டதை எடுத்துக் கொடுப்பது மட்டும் நின்றுவிட்டது. "வயர் எங்க போடப் போறீங்க? பைப்புக்குள்ளயா, மெஷினுக்குள்ளயா? பக்கத்துல சூடு எதுவும் இருக்கா? பைப்புல வேற எத்தனை வயர் போகுது?" என்று கேட்ட பிறகுதான் வயர் ராக்கைத் தொடுவேன். சிலருக்கு எரிச்சலாக இருக்கும். அணுசக்தி நகரிலிருந்து வருகிற ஒரு இன்ஜினியர் மட்டும், தான் கேட்க வந்ததை நானே முந்திக் கேட்டுவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பார். லோஹார் சாலில் வாங்கிய சிலிக்கான் வயர்ச் சுருள் ஒன்று இப்போது எங்கள் கடையிலேயே தொங்குகிறது. தாராவி இட்லிக்காரர்கள், இஸ்திரிக்காரர்கள் அதைத் தேடி வருகிறார்கள்.

போன தீபாவளிக்கு முன்னால் அக்கா இரண்டாவதாக ஒரு அடுப்பு வாங்கினார். டெம்போவிலிருந்து இறக்கி, ஆறு பேர் சேர்ந்து கல்லிக்குள் நகர்த்தி, வாசல் நிலையைக் கழற்றி, ஒருவழியாக உள்ளே கொண்டுவந்து வைத்தோம். எல்லோரும் அடுப்பின் முன்பக்கத்தைப் பார்த்து, கண்ணாடி பெரிசு, டிரே அதிகம் என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள். நானும் அவரும் ஒரே நேரத்தில் பக்கவாட்டுக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து, ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தோம். பெட்டிக்குள், நூல் பின்னிய வெள்ளை வயர் ஒழுங்காகக் கட்டிக் கிடந்தது.

"ஏலே, வந்த உடனேயே வயித்தைக் கிழிச்சுப் பாக்கணுமா?" என்று அக்கா கத்தினார். "மூடுங்க ரெண்டு பேரும். மாவு புளிச்சுப் போவுது."